நூல் ஆலையில் இல்லாத கதவு

நான் வயரிங் வேலை செய்கிறவன். லைட் தானாக எரிகிறது, வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் எலி கடித்த வயரைக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

மாத்தளையிலிருந்து நாவுல போகிற வழியில், மூடிக் கிடந்த பழைய நூல் ஆலையின் இயந்திரங்களைக் கழற்றும் வேலையைப் பழைய இரும்பு வியாபாரி நிஸாம் நானா எடுத்திருந்தார். எங்காவது கரண்ட் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூட்டிப் போனார். நல்ல வெயில் நேரம். மெயின் லைனை எப்போதோ வெட்டிவிட்டார்கள், நானே டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், உயிரில்லை.

மூட்டை மூட்டையாக வந்த பஞ்சை உடைத்துச் சுத்தமாக்கிய கூடம் பின்பக்கம் இருந்தது. ஜன்னலே கிடையாது. டோர்ச் அடித்தபடி உள்ளே போய்ச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். பின்னால் கனமான இரும்பு இழுபடும் சத்தம், வாசல் வெளிச்சம் பட்டென்று போய்விட்டது.

ஓடிப்போய்த் தள்ளினேன். இரும்புக் கதவு, குளிர்ந்து கிடந்தது, கையில் ஆணித் தலைகள்கூடத் தட்டுப்பட்டன. "நானா! நானா!" என்று கத்திக்கொண்டு குத்தினேன். அப்போது, நம்பினால் நம்புங்கள், எனக்குப் பின்னால் மெஷின்கள் ஓடத் தொடங்கின. தரை அதிர்ந்தது. டோர்ச் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மழை மாதிரி இறங்கியது, மூக்கு, வாய், தொண்டை எல்லாம் அடைத்து, இழுத்த மூச்சு உள்ளே போகாமல் நெஞ்சிலேயே நின்றது.

"தட்டாதீங்க," என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல். சலித்துப்போன குரல், பயமுறுத்தும் குரல் இல்லை. "சங்கு ஊதாம தொறக்க மாட்டாங்க. வாயில துணியக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

டோர்ச்சைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. சட்டையை வாயில் பொத்திக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், ஒரு முழு நாள் மாதிரி இருந்தது. கடைசியில் எங்கோ ஆலைச் சங்கு ஊதியது, யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். நிஸாம் நானா.

"என்ன தம்பி உங்களுக்கு? இவ்வளவு கூப்பிடுறேன், திரும்பவே இல்லையே. வாசல்ல நின்னு காத்தக் குத்திக்கிட்டு இருக்கீங்க!"

"கதவு சாத்திக்கிச்சு நானா, தொறக்க முடியல."

"எந்தக் கதவு? அதக் கழட்டி லொறியில ஏத்தி அனுப்பியாச்சே!"

நிமிர்ந்து பார்த்தேன். மேலே கதவு ஓடும் வெறும் தண்டவாளம் மட்டும் இருந்தது. வாசல் வழியாகக் கூடத்துக்குள்ளே வெயில் விழுந்து கிடந்தது. என் விரல் முட்டிகள் தோலுரிந்து இரத்தம் வடிந்தது, அதை நானாவும் பார்த்தார். நான் அந்தப் பக்கம் மறுபடி போகவேயில்லை.

இதெல்லாம் வெயில் மயக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு மூச்சிறைப்பு வந்தது. டவுனில் ஒரு டொக்டர் அம்மாவிடம் காட்டினேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "கிழமையில முதல் நாள்தான் ரொம்ப இறுக்குதா? லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னைக்கு?" என்றார்.

ஆமாம், திங்கட்கிழமைகளில்தான். இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் விழித்தேன், ஆலைக்குப் போனதைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"பஞ்சு மில்லுல எத்தன வருஷம் வேல செஞ்சீங்க?"