சனிக்கிழமைக் கோழி

சனிக்கிழமை கோழிக்கடையில் கூட்டமே இல்லை என்று சந்தோஷப்பட்டவள் நான். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் நல்ல கோழி வேண்டுமென்றால் விடிந்ததும் போய் நிற்க வேண்டும். இங்கே ஒசூரில் கடைக்காரர் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நீங்கதாக்கா இன்னிக்கி மொத போணி" என்று நாட்டுக்கோழியாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். இங்கே கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்குப் புரியும். ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருவர் ஷிப்டுக்குக் கிளம்புவார். யாரும் யார் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட நேரம் அமையாது. குடிவந்து சில வருஷமாகியும் எங்கள் தட்டில் வெளியாள் ஒருவர் சாப்பிட்டதில்லை. விருந்தாளி கை நனைக்காத வீடு எனக்குச் சாமான் போட்டுவைத்த இடமாகத்தான் தெரிந்தது. நானோ வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. மின்வெட்டு கடுமையாக இருந்த அந்த வருஷம், கம்பெனியில் விடுமுறையை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றினார்கள். அந்தச் சாக்கில் என் கணவர், கீழ்வீட்டு ஓனரம்மா ரத்னம்மாவையும் அவர் கணவரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் விருந்து என்றால் ஒரே சமையல்தான். கோழியும் உருளைக்கிழங்கும் சின்ன வெங்காயமும் ஒரே சட்டியில். வறுத்து அரைத்த மல்லியும் மிளகும் போட்டு, தட்டால் மூடி, தட்டின் மேலும் கொஞ்சம் தணலை அள்ளி வைப்பாள் அம்மா. மேலும் கீழும் சூடு பட்டு, கறி தன் சாற்றிலேயே வேகும். உருளைக்கிழங்கு ருசிக்காக அல்ல. அப்பா சொல்லாமல் கொள்ளாமல் அழைத்து வருகிறவர்களுக்கும் சேர்த்துக் காண வேண்டுமே, அதற்காக. வந்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினால்தான் அம்மாவின் முகம் மலரும். நான் கேஸ் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, அதன் மேல் சட்டியை வைத்து, சின்னத் தீயில் விட்டேன்.

ரத்னம்மா கணவரோடு, பூவும் பழமும் கொண்டு வந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா, கோழியா?"

"ஆமாங்க, நாட்டுக்கோழி" என்றேன் பெருமையாக.

"இன்னிக்கி சனிவாரம்மா."

"ஆமாங்க, இவுகளுக்கு இப்ப சனிக்கிழமைதான லீவு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கணவர்தான் சிரித்தபடி சொன்னார்: "சனிவாரம் எங்க பெருமாளுக்கு. வீட்டுல முட்டகூட ஒடைக்க மாட்டோம். இந்த நாள்ல கூப்புட்டா சாம்பாராத்தான் இருக்கும்னு வந்துட்டோம்."

எங்கள் பக்கம் செவ்வாயும் வெள்ளியும்தான் கறி ஆகாத நாள். கிழமை ஊருக்கு ஊர் மாறும் என்று எனக்குத் தெரியாது. காது சுட்டது. அடுக்களைக்குள் போய்விட்டேன். பின்னாலேயே என் கணவர் வந்தார்.

"விசாரிச்சுச் செய்யக் கூடாதா?"

"நீங்கதான கூப்புட்டீக!"

இனி இவர்கள் வரவே மாட்டார்கள் என்று கண்ணில் நீர் முட்டியது. அப்போது ரத்னம்மாவின் குரல் கேட்டது. "புருஷனும் பொண்டாட்டியும் உள்ள என்னா சண்டை? மோர் இருக்குதா? சோறு தனியாத்தானே வடிச்ச? கொண்டா." இருவரும் உட்கார்ந்து மோர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டார்கள். எழும்போது ரத்னம்மா சொன்னார்: "கோழிய எடுத்து வை. நாளைக்கி வரோம். நாளைக்கி விட்டா சோமவாரம், அன்னிக்கும் ஆகாது."

எங்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. ஊராக இருந்தால் விடியுமுன் ஊசிப்போயிருக்கும். மார்கழிக் குளிரில் சட்டி அப்படியே இருந்தது. அதுவரை நான் திட்டிய குளிர் அது. ஞாயிறு மதியம் சொன்னபடி வந்தார்கள், ராகிக் களி உருண்டைகளோடு. என் கணவர் டியூட்டியில் இருந்தார். அவர் பங்கைத் தனியே எடுத்துவைத்தேன். நான் களியை மென்றேன். அது பல்லில் ஒட்டிக்கொண்டது. "மெல்லாத, முழுங்கு! களி என்ன முறுக்கா?" என்று ரத்னம்மா சிரித்தார். அவர் கணவர் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினார். "இன்னும் ரெண்டு கெழங்கு போடும்மா." அதைப் பார்க்க அம்மா இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் கறி எடுப்பதில்லை. யாரும் சொல்லவில்லை. வாசனை மாடிப்படியில் இறங்கிக் கீழே போகுமே என்றுதான். சென்ற பொங்கலுக்கு அருப்புக்கோட்டையில் தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். தம்பி மனைவி அதே கோழியைக் கரண்டியில் அள்ளி வந்தாள். என்னை அறியாமல் வலக்கையால் தட்டை மூடினேன்.

"என்ன மதினி?"

"இன்னைக்குச் சனிக்கிழமைல்ல?"

"அதுக்கு? இங்க செவ்வா, வெள்ளி. அங்க திங்க, சனி. அப்ப எப்பத்தான் திம்பீக?"

எல்லோரும் சிரித்தார்கள். சாய்ந்த கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு என் புறங்கையில் சுடச்சுட விழுந்தது. வலக்கை தானாக வாய்க்குப் போனது. அம்மாவின் ருசி அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன். இடக்கை எப்போதோ வந்து தட்டை மூடியிருந்தது.