டீச்சர் மூச்சு வாங்கிய இடம்

பழவங்காடி முக்கில் டீச்சரை ஆறடி உயரத்துக்கு நிறுத்திவைத்திருந்தார்கள். கறுத்த முகத்தைக் கோதுமை நிறமாக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் ஏற்றிய படம். பக்கத்தில், டீச்சரைவிடப் பெரிதாக, அவருடைய மாணவி ஒருத்தி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஏறியிருந்த ஆட்டோ சிக்னலில் நின்றபோது டிரைவர் அண்ணாந்து பார்த்தார்.

"சேச்சி, இது கல்யாணமா, சாவு அடியந்திரமா?"

"செத்து ஒரு வருஷமாச்சு. அதுக்குத்தான்."

"அப்போ இதுல செத்தது யாரு?"

இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் வீட்டுக்குப் போய் எழுதிவைத்துக்கொள்கிற ஆள் நான். அன்றைக்கு எழுதவில்லை. அருவருப்பில் சிரிப்புக்கூட வரவில்லை.

டீச்சர் கரமனையில் ஒரு மாடி அறையில் நாற்பது வருஷம் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் அப்பாவுக்கு ஆரியசாலையில் மல்லி, மிளகாய் மொத்தக்கடை. மிளகாய் நெடியில் வளர்ந்த என்னைப் பதினொரு வயதில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே நுழைந்ததும் டீச்சர் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, "ஏண்டி கொழந்தே, உன்னைப் பாத்தாலே சமையல் ஞாபகம் வரதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

அவருக்கு இழுப்பு உண்டு. கட்டையில் கழியைத் தட்டி ஜதி சொல்லும்போது, நீளமான கோர்வையை முடித்துவைக்கிற தீர்மானத்துக்கு முன்னால் மூச்சு தீர்ந்துவிடும். கழி அந்தரத்தில் நிற்கும். நெஞ்சுக்குள் பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் அரைமண்டியில், முழங்கால் இரண்டு பக்கமும் விரிய, அப்படியே உட்கார்ந்த நிலையில் காத்திருப்போம். மூச்சு உள்ளே போனதும், "கிடதக தரிகிட தோம்" என்று முடிப்பார். நாங்களும் முடிப்போம்.

"டீச்சர், தொடை எரியறது."

"எனக்கு நெஞ்சு எரியறது. சமமாப் போச்சு. நில்லு."

தாளக் கணக்கில் அந்த நிறுத்தத்துக்கு இடமே கிடையாது. சுத்தத் தப்பு. ஆனால் அவரிடம் படித்த எல்லாருடைய காலிலும் அது ஏறிவிட்டது. வேறு யார் ஜதி சொன்னாலும் அந்த இடத்தில் எங்களுக்கு ஒரு கணம் கால் தங்கிப்போகும். பள்ளிக்கூடப் போட்டிகளில் இதற்காகவே மார்க் குறைத்திருக்கிறார்கள். நான் ஒருமுறை அழுதுகொண்டு வந்து சொன்னபோது டீச்சர் முகம் சின்னதாகிப் போயிற்று. "என் வியாதியை உங்க காலுக்குக் குடுத்துட்டேனேடி" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் மூச்சை அடக்கிச் சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. நாங்களே, "பழையபடி சொல்லுங்கோ டீச்சர், எங்களுக்கு இப்போதான் தப்பறது" என்றோம்.

கடைசி மூன்று வருஷம் அவரால் உட்கார முடியாத நாட்களில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். அதற்காக ஒருநாள் அவர் ஜதி சொல்வதை என் போனில் பதிவு செய்தேன். அவருடைய குரல் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். இழுப்பும் உள்ளே அப்படியே இருக்கிறது.

அந்தப் பதிவைத்தான் படத்தில் கைகூப்பி நின்றவள் கேட்டாள். இன்றைக்கு மூன்று கிளை வைத்து நாட்டியப்பள்ளி நடத்துகிறாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அப்பா இருந்திருந்தால், "மல்லி நல்ல மல்லிதான், காம்பு ஜாஸ்தி" என்றிருப்பார். நினைவுநாளுக்கு முப்பது பழைய மாணவிகள் டீச்சரின் குரலுக்கே ஆடுவதாக ஏற்பாடு. கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அனுப்பினேன்.

ஆட வேண்டியவர்கள் துபாய், பெங்களூர் என்று சிதறிக் கிடந்தார்கள். ஒன்றாக ஒத்திகை கிடையாது. அவரவர் வீட்டில் பழைய நினைப்பில் ஆடிப் பார்த்துக்கொண்டு, நிகழ்ச்சியன்று மத்தியானம்தான் வந்து இறங்கினார்கள். சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் மைக்செட்காரரிடம் போனேன். அவர் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

டீச்சர் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. இழுப்பு இல்லை. மூச்சு வாங்குகிற இடமும் இல்லை. வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"ஃபுல் நாய்ஸ் ஆயிருந்து சேச்சி. எல்லாம் களஞ்ஞு," என்றார் பெருமையாக. இரைச்சலையெல்லாம் நீக்கிவிட்டாராம். நாற்பது வருஷம் ஒரு மனுஷி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவருக்கு நாய்ஸ்.

நேரே அவளிடம் போனேன். மந்திரிக்கு எந்த நாற்காலி போடுவது என்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மூச்சை ஏன் எடுத்தே? பழையதையே போடச் சொல்லு, என் போன்ல இருக்கு."

"அக்கா, மந்திரி வரார். டீச்சர் இழுக்கறதை அவர் கேக்கணுமா? பேஷன்ட் மாதிரி இருக்காதா?"

"பேஷன்ட்தானேட்டி. அப்படித்தானே நமக்குச் சொல்லித் தந்தாங்க."

"அதெல்லாம் நமக்குள்ள, அக்கா. வெளியில ஒரு ஸ்டாண்டர்ட் வேணுமாக்கும்." பிறகு என் கையைப் பிடித்து, "உங்களுக்கும் பொன்னாடை உண்டு, கேட்டேளா? லிஸ்ட்ல மூணாவது" என்றாள்.

நான் அங்கேயே போனைத் தூக்கி மைக்செட்காரரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மூணாவதா என்று ஒரு கணம் மனசு எண்ணிப் பார்த்தது. அவளைத் திட்டி இதை எழுதுகிறேனே, அந்த ஒரு கணத்தை நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மந்திரி வந்தார், பேசினார். டீச்சரின் பெயரை இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். பிறகு விளக்கு அணைந்து, அந்தத் துடைத்த குரல் எழுந்தது. முப்பது பெண்கள் ஆடினார்கள், முன்வரிசையில் அவளும். பதினேழு வயதுக்காரியும் இருந்தாள், பேரன் எடுத்தவளும் இருந்தாள். நீளக் கோர்வை வந்தது. குரல் நிற்காமல் "கிடதக தரிகிட தோம்" என்று போயே போய்விட்டது.

மேடையில் முப்பது பேரும் அரைமண்டியில் நின்றார்கள். ஒருத்திகூட அசையவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கை நீட்டியபடி, டீச்சர் மூச்சு வாங்கி முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்ற என் முழங்காலும் தானாக மடிந்திருந்தது. அப்புறம்தான் குரல் எங்கேயோ போய்விட்டது என்று தெரிந்து, ஆளுக்கொரு பக்கம் ஓடி, ஒருத்தி காலை ஒருத்தி மிதித்து, எப்படியோ முடித்தார்கள்.

சபை கைதட்டியது. அவள் மைக்கைப் பிடித்தாள். மூச்சிரைப்புக்கூட அடங்கவில்லை. அப்படி அசையாமல் நின்றது குருவுக்குத் தாங்கள் செய்த அஞ்சலி என்றாள். மூன்று மாதம் யோசித்து அமைத்ததாம். மந்திரி எழுந்து நின்று தட்டினார்.

உள்ளே சலங்கை கழற்றுகிற இடத்தில் துபாய்க்காரி தரையில் உட்கார்ந்து சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். "காது கேட்டது அக்கா, டீச்சர் போறான்னு. கால் போகமாட்டேன்னுடுத்து. இருபது வருஷமா நான் ஆடவே இல்லை, அதுக்கு எப்படித் தெரியும்?" இன்னொருத்தி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அந்த ராட்சசி இன்னும் நம்ம தொடையில உக்காந்திருக்கா" என்றாள். அன்று முழுக்க டீச்சரைப் பற்றி நான் கேட்ட ஒரே உண்மையான அஞ்சலி அதுதான்.

அப்போது படத்துக்காரி பொன்னாடையோடு வந்தாள். பின்னால் கேமராக்காரர்.

"அக்கா, அந்த ஒரிஜினல் எங்கே? என் போன்ல அழிஞ்சுபோச்சு. நாம நின்ன அந்த கேப் சூப்பரா ஒர்க் ஆச்சு பாத்தேளா? இனிமே எல்லா பிராஞ்ச்லயும் அதை வைக்கணும். நம்ம ஸ்டைல்னு."

"இழுப்போட போடுவியா?"

"கேப் மட்டும் போதும் அக்கா. சத்தம் வேண்டாம்."

"அப்போ உனக்குக் கிடையாது."

"டீச்சர் எல்லாருக்கும் உள்ளவாளாக்கும். நீங்க பூட்டி வெச்சா எப்படி?"

"எல்லாருக்கும்தான். இழுப்போட வேணும்னா இப்பவே அனுப்பறேன். மூச்சை வெட்டிட்டு, அவங்க மூச்சு வாங்கின இடத்தை மட்டும் நீ வெச்சுக்கிடுவியா? கேக்கவே ஓங்கரிப்பா இருக்குட்டி."

அவள் பொன்னாடையை விரித்தாள். கேமராக்காரர், "சேச்சி, ஒண்ணு சிரிச்சே" என்றார். பொன்னாடை தோளில் விழுந்தது.

மறுநாள் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. ஒலிப்பதிவை நான் இன்றுவரை அவளுக்கு அனுப்பவில்லை, அனுப்பப்போவதும் இல்லை. ஆனால் படத்தில் அவள் பக்கத்தில், தோளில் சரிகை மின்ன, எல்லாப் பல்லும் தெரிய நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.