முன்சக்கரத்தில் சுற்றிய ஈயம்

எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம் என் கணவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். மலை மேல் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த துரை ஒருவர், சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. போடியில் நம் ஆட்கள் யாரிடமும் அதற்கு முன் அப்படி ஒரு வண்டி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் அப்போது ஊருக்குள் இல்லை. போடிக்கு மேற்கே, முந்தலுக்குப் போகிற பாதையை ஒட்டி, மலையடிவாரத்தில் இருந்த தோப்பு வீட்டில் குடியிருந்தோம். மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். எங்கள் ஏலக்காய்த் தோட்டம் போடிமெட்டைத் தாண்டி மேலே இருந்தது. காய் பறிக்கும் மாதங்களில் அவர் மட்டக்குதிரையில் ஏறிப் போனால் பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் இறங்குவார். தோப்புக்காரரும் அவர் மனைவியும் காலையில் வந்து தண்ணீர் பாய்ச்சிவிட்டு, வெயில் ஏறுமுன் தங்கள் குடிசைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் நான் மட்டும்தான். சில நாள் மத்தியானம் வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மோர் வாங்க வருகிறவள் ஏதாவது கேட்டால், பதில் சொல்லும்போது குரல் பிசிறும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொல்வேன்.

குழந்தையும் தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

வண்டி வந்ததும் அவர் நடவடிக்கையே மாறிவிட்டது. மலையிலிருந்து இறங்கியவுடன் கால் கழுவக்கூட நிற்காமல் கொட்டகைக்குள் போய் அதைத் துடைப்பார். ஆனால் அந்த வண்டிக்கு ஒரு கோளாறு இருந்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் பிடித்தால் முன்சக்கரம் தடதடவென்று குதிக்கும், கைப்பிடி இரண்டும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் ஆடும். ஒரு நாள் சிலமலை ரோட்டில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். அந்த ஒரு வாரம் அவர் எங்கும் போகவில்லை. வீட்டில் ஒரு ஆள் இருமுவதும் தண்ணீர் கேட்பதுமாக இருந்தது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

கோளாறை எப்படிச் சரிசெய்வதென்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போடியில் சைக்கிள் பழுது பார்க்கிறவர், கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோணலை எடுத்தால் போதும் என்றார். எடுத்துப் பார்த்தார்கள். சக்கரம் நேராகத்தான் சுற்றியது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பெரியகுளத்திலிருந்து வந்த மோட்டார் டிரைவர் ஒருவர், டியூபுக்குள் பொடி மணல் ஒரு கைப்பிடி போட்டுக் காற்றடித்தால், சுற்றும்போது அந்த மணல் தானாகவே வேண்டிய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்றாராம். மணலுக்குப் பதில் பாதரசம் விடலாம் என்று வைத்தியர் கடையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். என் கணவர் மணல்தான் என்று முடிவு செய்தார். ஆற்று மணலைச் சலித்து வைக்கும்படி என்னிடம் சொன்னார். முன்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே அச்சின் முனைகளைத் தாங்கவைத்தார். அதற்குள் மேலே யானை வந்து செடியை மிதித்துவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, அப்படியே போட்டுவிட்டு மலையேறிப் போய்விட்டார்.

மணலை ஒரே நாளில் சலித்துவிட்டேன். பிறகு வேலை இல்லை. கொட்டகைக்குப் போய் அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிடுவேன். வேகமாகச் சுற்றும், மெதுவாகும், நிற்கிற நேரத்தில் கொஞ்சம் பின்னால் வந்து, முன்னால் போய், தொட்டில் மாதிரி ஆடிவிட்டு ஓயும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்கு ஒரு துணை இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஓய்ந்து நிற்கும்போது டயரில் ஒரே வெட்டுத் தழும்புதான் எப்போதும் தரையைப் பார்த்து நிற்கிறது என்று தோன்றியது. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். சுற்றிவிட்டேன். பொட்டு கீழே வந்து நின்றது. பத்துத் தடவை சுற்றினேன். பத்துத் தடவையும் அதேதான்.

துரை வைத்திருந்த காலத்தில் கல் கிழித்த இடம் அது. உள்ளே தடிமனாகத் தோல் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் கனம். அவ்வளவுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. கனம் இருக்கிற பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாது, எதிர்ப்பக்கத்தில் அதே கனத்தை ஏற்ற வேண்டும்.

அவர் இறங்கி வந்த அன்று, சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

“டிரைவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?” என்றார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. வந்து ஒருவாட்டி சுத்திப் பாருங்க. பெறகு மணலப் போடுங்க.”

வந்தார். சுற்றினார். பொட்டு கீழே வந்தது. தானே பொட்டைத் தூக்கி மேலே வைத்து விட்டுப் பார்த்தார், அது தயங்கித் தயங்கி இறங்கியது. அதன்பின் அவர் கேலி பேசவில்லை. எவ்வளவு கனம் ஏற்றுவது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னையே கேட்டார்.

பன்றி சுடுவதற்கு வீட்டில் துப்பாக்கி இருந்தது. அதற்கான ஈயக் குண்டுகள் மிளகு அளவில் ஒரு டப்பா நிறைய இருந்தன. நான் பழைய சேலைத் துணியில் ஒரு சிறு பை தைத்து, பொட்டுக்கு நேர் எதிரே கம்பியில் கட்டினேன். அதில் குண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். பத்துப் போட்டதும் பொட்டு இறங்குவது மெதுவானது. இருபது, முப்பது. முப்பத்தேழு போட்டபோது, சக்கரத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கேயே நின்றது. அவர் கையை எடுத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் பார்த்தார். அது அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்கு அதற்கு முன் ஞாபகமில்லை.

அந்த முப்பத்தேழு குண்டுகளையும் இரும்புக் கரண்டியில் போட்டு என் அடுப்பிலேயே உருக்கினோம். மணலில் கோடு கிழித்து ஊற்றி, ஆறியதும் சுத்தியலால் தட்டி நாடாவாக்கினோம். அதை இரண்டாக நறுக்கி, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டில், வளையத்தை ஒட்டினாற்போல் இறுக்கிச் சுற்றினார். சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டேன். இதெல்லாம் சேர்ந்து மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். என்ன பேசினோம் என்பது மறந்துவிட்டது. சோறு குழைந்துபோனதும் அவர் அதைக் கவனிக்காமல் தின்றதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நாலாம் நாள் காலையில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு போடி வரைக்கும் போய் வந்தார். கொஞ்சம்கூட ஆடவில்லை என்றார். மறுநாள் தேனிக்குப் போனார். அதற்கடுத்த வாரம் உசிலம்பட்டி வரைக்கும் போனார். மலையில் இருக்கிற நாட்களோடு இந்த நாட்களும் சேர்ந்துகொண்டன. ஊரில் அவர் யாரைப் பார்க்கிறார் என்று சந்தேகப்பட ஒன்றுமில்லை, அவர் அப்படிப்பட்டவர் அல்ல. அவருக்குப் போவது பிடித்திருந்தது. இறங்கி வருவார், குளிப்பார், வண்டியை எடுப்பார். சத்தம் மாந்தோப்பைத் தாண்டிப் போகிறவரைக்கும் நின்று கேட்பேன்.

ஒரு நாள் மோர் வாங்க வந்தவள், “ஒங்க வீட்டய்யா வெள்ளக்காரனுக்குத் தெரியாத சூட்சுமத்தக் கண்டுபிடிச்சாகளாம்ல ஆத்தா. பஜார்ல அதான் பேச்சு” என்றாள். ஆமாம் என்று சொல்லி மோரை ஊற்றினேன்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கொட்டகைக்குப் போய், கம்பியில் சுற்றியிருந்த ஈய நாடாவைப் பிரித்தேன். முதலில் ஒன்று, பிறகு மற்றதும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழையபடி சக்கரம் ஆடினால் அவர் வீட்டில் இருப்பார், மறுபடி கழற்றுவார், பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடுவார். இந்த அளவுக்குத்தான் என் புத்தி போயிற்று. அப்புறம் சிராய்த்த முழங்கை நினைவு வந்தது. அவசரமாகத் திரும்பச் சுற்றினேன். ஒருமுறை வளைந்த ஈயம் மறுபடி வளைக்கும்போது ஒடியும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாடா பாதியில் ஒடிந்துவிட்டது. மிச்சத்தைச் சுற்றிவிட்டு ஒடிந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் வருவதற்குள் வேறு குண்டு உருக்கிச் சரிசெய்யலாம் என்று இருந்தேன்.

அன்றைக்கே இறங்கி வந்துவிட்டார். தரகர் ஒருவரைப் பார்க்க வெரசாப் போகணும் என்று, நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். திறக்க நேரம் இருந்தது என்பதுதான் உண்மை. எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் திரும்புகிறவரை வாசலில் நின்றேன். பாதையில் யார் வந்தாலும் அவர் விழுந்த செய்தியைக் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தேன். பொழுது சாயுமுன் வந்து சேர்ந்தார். உடம்பில் காயம் எதுவும் இல்லை. இறங்கிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“லேசா அதுருச்சு. ஈயம் ரோட்டுல எங்கயோ விழுந்துருச்சு போல” என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டை அவர் முன்னால் நீட்டினேன்.

“எதுக்கு அவுத்த?”

“நீங்க போகாம இருப்பீகன்னு.”

அவர் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. துண்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே, “விழுந்து செத்துருந்தா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் அவராகவே அடுப்பிலிருந்து தணலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். சக்கரத்தை அவரே கழற்றி, அவரே தூக்கிப் பெட்டிகள் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் சமையலறையிலேயே இருந்தேன், கூப்பிட்டால் கேட்க வேண்டுமென்று அம்மிக்கல்லைக்கூட நகர்த்தாமல். கூப்பிடவில்லை. ஒரு நாழிகையில் வேலை முடிந்துவிட்டது. மூன்று நாள் வேலை என்று நான் நினைத்திருந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கேட்டதற்குப் பதில் சொன்னதைத் தவிர அவர் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் முடிந்து மதுரையிலிருந்து புது டயர் வந்தது. ஒட்டுப் போடாத டயர். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பார்க்க வேண்டியிருந்தது. “இந்தா, வந்து பிடி” என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது. போய்ப் பிடித்தேன். இந்தத் தடவை ஒன்பது குண்டுகளே போதுமாக இருந்தன. ஈயத்தைச் சுற்றும்போது அவர் கை என் கைமேல் பட்டது, அவர் எடுக்கவில்லை. நானாக எதையும் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு எப்படியோ, ராசிங்காபுரத்தில் என் அக்கா வீட்டுக்கு என்னையும் வண்டியில் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

யோசித்தார். சரி என்றார்.

பின்னால் சாக்கை மடித்துக் கட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். சோளக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வண்டி கொஞ்சமும் ஆடவில்லை. வழி நெடுக அவரிடம் ஏதேதோ பேசிக்கொண்டே போனேன், வீட்டில் இத்தனை நாள் பேசாதது எல்லாவற்றையும். காற்றில் அவர் காதில் ஒன்றும் விழவில்லை என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஏதாவது சொன்னாயா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அக்கா வீட்டில் எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாம் நாள் என்னைக் கூட்டிப்போக மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் மட்டும் வந்திருந்தார். ஐயா வத்தலக்குண்டு வரைக்கும் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, நான் ஏறுவதற்கு வைக்கோலைச் சரிசெய்தார்.