பக்கத்து சீட்டு பிரேக்

முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் மாஸ்டரின் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருக்கும். கத்தரிக்கோல் காதருகே வந்தால் மெதுவாக, சவரக்கத்தி வந்தால் அழுத்தமாக. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பதறினால் வாத்தியார் மிதிப்பதற்கு. இருபத்திரண்டு வருடம் மிதித்த பிறகு, கீழே பிரேக் இருக்கிறதா என்று அந்தக் கால் பார்ப்பதே இல்லை. சினிமாக் கொட்டகையில் மிதிப்பார். பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்தபடி மிதிப்பார். வீட்டு சோபாவுக்கு முன்னால் கிடக்கும் கால்மிதியில் வலது பக்கம் மட்டும் ஓட்டை. "துணியில வாங்கி வாங்கி அலுத்துட்டேன். அடுத்த தடவை தகரம்தான்" என்கிறார் அவர் மனைவி.

நான் அவருடைய நாற்பத்தாறு வயது மாணவன். மூன்று மாதமாகப் படிக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் லைசென்ஸ் வாங்கி, வண்டியும் வாங்கி, என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். மாஸ்டர் ஒரு நாளும் சிடுசிடுத்ததில்லை. "சார், அவசரமே இல்ல. அந்த மரம் அங்கேயேதான் நிக்கும். நாமதான் கொஞ்சம் ஒதுங்கிப் போகணும்" என்பார், மரத்துக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருக்கும்போது. அதற்குள் அவர் கால் வேலையை முடித்திருக்கும்.

மாணவர்கள் வீட்டு வண்டியில் ஓட்டிப் பழகியதை ஒரு நோட்டில் எழுதி வாரம் ஒரு முறை அவரிடம் காட்ட வேண்டும். பொய்க்கணக்கைப் பக்கம் புரட்டும்போதே பிடித்துவிடுவார். என்னையும் பிடித்தார். "தினம் முப்பது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. மழை கொட்டின அன்னிக்கும் முப்பது, மச்சினி கல்யாணத்தன்னிக்கும் முப்பது. நெசமா ஓட்டினவங்க நோட்டு கோணல்மாணலா இருக்கும் சார்." எனக்கு அசடு வழிந்தது. மச்சினி கல்யாணத்தை நானேதான் அவரிடம் உளறியிருந்தேன்.

இப்பேர்ப்பட்ட மனுஷரின் பதிமூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. நாலு வயதிலிருந்து இருக்கிறது. இன்ஹேலர் மாஸ்டரின் சட்டைப் பையில்தான் வாசம். மகள் தும்மினால் கை பைக்குப் போகும். வேறு யாராவது தும்மினாலும் போகும். இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லிவிட்டார், "பொண்ணு வளர்ந்துட்டா. இனிமே இன்ஹேலரை அவளே வெச்சுப் பார்த்துக்கட்டும், நீங்க பக்கத்துல இருங்க." கூடவே ஒரு செயலியையும் இரண்டு பேர் போனிலும் போட்டுக்கொடுத்தார். தினம் காலையிலும், மூச்சு இளைக்கும்போதும் மகள் ஒரு குழலில் பலமாக ஊதி, அது காட்டும் எண்ணைப் போட வேண்டும். ராத்திரி இருமினாயா, இளைப்பு உண்டா என்று நாலு கேள்வி. உடனே இரண்டு போனிலும் நிறம் வரும். பச்சை என்றால் வழக்கம் போல. மஞ்சள் என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி நீல இன்ஹேலரை உறிஞ்சி, உட்கார்ந்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் இன்ஹேலரும் ஆஸ்பத்திரியும் அப்போதே. "பக்கத்து சீட்டுதானே சார், என் தொழிலே அதுதான்" என்று மாஸ்டர் பூரித்துப்போனார்.

செயலி அழைத்தால் தவறாமல் கேட்க வேண்டுமென்று, கார் பின்னால் போகும்போது எழும் பீப்பீப் சத்தத்தையே அதற்கு மணியாக வைத்தார். முதல் நாள் அது அடித்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த நான் வண்டி தானாகப் பின்னால் போகிறது என்று நினைத்து அலறி பிரேக்கை மிதித்தேன். அவரும் மிதித்தார். இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்தால் ஒரு கார் எப்படி நிற்கும் என்பது என் நெற்றிக்குத் தெரியும்.

அன்று நிறம் மஞ்சள். "பள்ளிக்கூடத்துக்கு விடுங்க சார்!" என்றார். வண்டியின் தலையில் பயிற்சிப் பலகையோடு, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் நாங்கள் பறந்தோம். பள்ளி வாசலில் வண்டியை மூன்று முறை அணைத்துவிட்டேன். நாலாவது முறை அதுவாகவே அணைந்தது. மாடி ஜன்னலெல்லாம் தலைகள். மகள் வராந்தா பெஞ்சில் இன்ஹேலரை உறிஞ்சி முடித்து, நிம்மதியாகக் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் முடிந்து மறுபடி ஊதினாள். பச்சை. எங்களைப் பார்த்ததும்தான் முகம் சிவந்தது.

இப்படி மூன்று முறை போனோம். மூன்றாவது முறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏய், உன் ஆம்புலன்ஸ் வந்துருச்சுடி!" ஓட்டியது நான் என்பதால் எனக்கும் ரோஷம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரே பச்சை. ஒரு வாரம், இரண்டு வாரம், பத்தொன்பது நாள். மாஸ்டர் போனை மாணவர்களுக்கெல்லாம் காட்டினார். பெட்ரோல் பங்க்கிலும் காட்டினார். இடையில் சில நாள் படுக்கப் போனபின் சுவருக்கு அந்தப்பக்கம் இருமல் கேட்டிருக்கிறது. போன் பச்சை சொல்கிறதே, அப்படியானால் இருமுவது பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார்தான் என்று முடிவுகட்டி, காலையில் போய் அவருக்கு அரை மணி நேரம் புத்தி சொல்லிவிட்டு வந்தார். "சார், நெஞ்சு விஷயம், அலட்சியமா இருக்காதீங்க." வாத்தியாரும் பயந்துபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்ததாம்.

இருபதாம் நாள் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். மாஸ்டர் எனக்குக் காட்டுவதற்காகப் போனில் பழைய எண்களைத் தள்ளிக்கொண்டே போனார். முந்நூற்றுப் பத்து. முந்நூற்றுப் பத்து. முந்நூற்றுப் பத்து. விரல் நின்றது. "ஒரு கோணல் கூட இல்லையே" என்றார் தொண்டைக்குள். விளக்குப் பச்சையாகி நான் கிளம்பியதும் அவர் கால் மிதித்துவிட்டது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. "சுவருக்கு அந்தப்பக்கம் அவ ரூமும்தான் சார் இருக்கு" என்றார். மூச்சு விஷயத்தில் பொய்ப்பச்சை என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாயங்காலம் மகளைப் பள்ளி வாசலில் ஏற்றிக்கொண்டோம். பின் சீட்டில் உட்கார்ந்தவளிடம் மாஸ்டர் போனை நீட்டினார். அவள் மழுப்பவில்லை.

"மஞ்சள்னு போட்டா வண்டியோட வந்து நிப்பீங்க. வாலிபால் டீச்சர் பயந்துபோய் என்னை பெஞ்ச்ல உட்கார வெச்சுட்டாங்க. சனிக்கிழமை மேட்ச்சு. அதான்."

"அதுக்காகப் பொய் எண்ணா? பாப்பா, ஏதாவது ஆயிருந்தா? மேட்ச்சும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"இன்ஹேலர் பம்ப் ஒரு நாள் கூட விடலப்பா. எண்ணு மட்டும்தான் பொய்." கொஞ்சம் இருமினாள். பிறகு, "சிக்னல்ல மஞ்சள் வந்தா என்ன பண்ணணும்?" என்றாள்.

தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பாடம் அது. மாஸ்டரின் வாய் தானாகச் சொல்லியது. "வேகத்தைக் குறைக்கணும். கண்ணாடியைப் பார்க்கணும். பதறக் கூடாது. நடுரோட்டுல சடார்னு மிதிச்சா பின்னாடி வர்றவங்க..." அத்தோடு நின்றுவிட்டார். நான் சிரிப்பை அடக்கியதில் கிளட்ச்சிலிருந்து கால் நழுவி வண்டி அணைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் காலை டாக்டரிடம் இருவரும் பொய் எண்களையும் மெய் இருமலையும் ஒப்புக்கொண்டார்கள். அவர் மருந்தின் அளவை மாற்றினார். விளையாடுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். டீச்சரிடமும் போனில் பேசினார். செயலியில் அப்பாவும் மகளும் எழுதிக்கொள்ள ஓர் இடம் உண்டாம். அங்கே மகள் எழுதினாள்: மெய் எண் மட்டும். மஞ்சள் என்றால் இருபது நிமிடத்தில் இரண்டாவது எண் அனுப்புவேன், அதுவரை வண்டி வரக் கூடாது. சிவப்பு என்றால் ஹெலிகாப்டரிலேயே வரலாம். மாஸ்டர் கீழே ஒரு வரி சேர்த்தார்: கணக்கு வாத்தியாரிடம் மன்னிப்பு கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு எண்கள் கோணல்மாணலாக வந்தன. இருநூற்று எண்பது, முந்நூறு, இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. ஒவ்வொன்றையும் பார்த்து, "எவ்வளவு அழகா கோணலா இருக்கு பாருங்க சார்" என்று மாஸ்டர் ரசித்தார்.

சனிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத் தெருவை நோக்கித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. பீப்பீப் அடித்தது. இருநூற்று நாற்பது, மஞ்சள். கீழே ஒரு வரி: "பம்ப் எடுத்துட்டேன். டீச்சர் பக்கத்துல இருக்காங்க. இருபது நிமிஷம்."

இடதுபக்கம் திரும்பினால் பள்ளிக்கூடம். மாஸ்டரின் வலது கால் தரையிலிருந்து எழும்புவதும் இறங்குவதுமாக இருந்தது. திருப்பம் நெருங்கியது. திரும்பட்டுமா என்று கேட்டேன்.

"நேரா போங்க சார்" என்றார்.

பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். அந்தப் பெரிய உடம்பை எப்படியோ மடக்கி, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்து பிரேக்கில் கால் இல்லாமல் நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை.

"மாஸ்டர், அப்போ எனக்குப் பிரேக்கு?"

"உங்க கால்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார், மூணு மாசமா."

பள்ளிக்கூடத் திருப்பம் எங்களைத் தாண்டிப் போயிற்று. மாஸ்டர் போனை மடியில் மல்லாக்க வைத்து, இரண்டு கைகளாலும் தன் வலது கால் கட்டைவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.