ஒன்பது நாள் டிக் டிக்

எங்கள் தெருவில் இப்போது ஓடுகிற செய்தி இதுதான்: காதுக்காரருக்குக் காது போய்விட்டது. ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 'டிக் டிக்' சத்தத்தை ஒன்பது நாள் தேடியும் அவரால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் பெற்ற மகளே வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் நான் கேட்டபோது இவ்வளவுதான் இருந்தது. மத்தியானத்துக்குள் அவர் இன்ஜினிலேயே ஓட்டை போட்டிருந்தார். விட்டிருந்தால் சாயங்காலம் வண்டி வெடித்திருக்கும்.

ஊர்வம்புக்குக் கை கால் ஒட்டவைப்பதில் நானும் சளைத்தவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் என் வாய்க்கும் பங்கு இருப்பதால், உண்மையாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் பட்டறைக்கு எதிரே உதிரி பாகக் கடை வைத்திருக்கிறேன். என் கல்லாவிலிருந்து பார்த்தால் அவர் தும்முவது கூடத் தெரியும்.

ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜின் மேல் நகர்த்திக்கொண்டே போவார். அதனால்தான் காதுக்காரர். ஓடுகிற இன்ஜினில் எந்த இடத்தில் கோளாறு என்று விரல் வைத்துக் காட்டிவிடுவார். அந்தக் காதுக்கு வீட்டுச் செய்திகள் மட்டும் கொஞ்சம் தாமதமாகவே எட்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும், "இந்தா, பத்து நிமிஷத்துல வர்றேன்" என்றார். அவர் முன்னால் ஒரு பந்தய வண்டியின் இன்ஜின் பிரித்துக் கிடந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மனைவியின் உயிர் போயிருந்தது; மகள் எல்லாக் காகிதத்திலும் தனியாகக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். அன்றோடு அவரை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். தோழி அறையில் போய்த் தங்கிவிட்டாள்.

அவள்தான் அந்தச் சிவப்பு வண்டியோடு ஒரு சாயங்காலம் வந்து நின்றாள். முன்பு ஒரு பட்டறையில் எண்ணெயை மாற்றினார்களாம், சத்தம் போகவில்லை. இன்னொரு இடத்தில் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார்களாம்.

"காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு வருது. கொஞ்சம் ஓடினா நின்னுடுது. எனக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. சேர ரெண்டு வாரம் இருக்கு. சரியானதும் கிளம்பிடுவேன்," என்றாள், பட்டறைக் கதவைப் பார்த்துக்கொண்டு.

"விட்டுட்டுப் போம்மா. ஆறின வண்டியைத்தான் கேக்கணும்."

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பி, குழாயை வைத்தார். மேல்மூடியில் சத்தம் இல்லை. கீழே, புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் டிக் டிக். கையை நீட்டினால் சூடான காற்று விட்டுவிட்டுக் குத்தியது. கடைசி போல்ட் தலை உடைந்து, இடையில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகடு கருகி, கரி படிந்திருந்தது. சூடேறினால் இரும்பு விரிந்து அந்த இடுக்கை அடைத்துவிடும், சத்தமும் நின்றுவிடும். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நேரே என் கடைக்கு வந்து போல்டும் கேஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் மகள் வந்து கேட்டாள். "இன்னும் பிடிபடலம்மா. நாளைக்கு வந்து பாரு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே கொஞ்சம் சிரிப்பும் வந்தது. சத்தம் போனால் மகள் போய்விடுவாள். அதனால் மனுஷன் சத்தத்தை வைத்துக்கொண்டார்.

தினமும் வேலை முடிந்து வந்தாள். முதல் இரண்டு நாள் வாசலிலேயே நின்றாள். மூன்றாம் நாள் கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் டார்ச் பிடித்தாள். இவர் கோளாறு ஒன்றுமில்லாத ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"சட்டையில பட்டன் இல்ல," என்றாள்.

"காட்டுறதுக்கு யாரு இருக்கா."

"வண்டி இருக்குல்ல."

அவர் சிரித்ததை நாலு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் என் நாக்கில் சனி. கடையைக் கடந்து போனவளிடம், பேச்சுவாக்கில், "ஏம்மா, அந்த கேஸ்கெட்டை இன்னைக்காவது மாட்டுறாரா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த கேஸ்கெட், மாமா?"

மென்று விழுங்கினேன். அதுவே அவளுக்குப் போதுமான பதில். உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அலமாரியில் டப்பா பிரிக்காமல் இருந்தது. மேலே என் கடை முத்திரை, தேதியோடு.

"முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாகிட்டயும் இப்படித்தான். பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

அவர் டப்பாவைப் பிரித்தார். உடைந்த போல்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்தார். கேஸ்கெட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு போல்டாக முடுக்கினார். அவள் டார்ச் பிடித்தாள். ஸ்டார்ட் செய்தார். ஆறிக் கிடந்த இன்ஜின், முதல் சுற்றிலிருந்தே சுத்தமாக உறுமியது.

சாவியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "சத்தம் நின்னாலும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கலாம்னுதான் நெனச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லலாம்னு இன்னைக்கு வந்தேன்."

அவ்வளவுதான். தெருமுனை வரை வண்டிச் சத்தம் கேட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணியில் கருப்பு வருவது நின்ற பிறகும்.

நேற்று அவரிடம் போய் ஊர்ப்பேச்சைச் சொன்னேன். வாடிக்கை வேறு குறைந்துகொண்டு வருகிறது. "பாகம் கெடைக்கல, அதான் ஒன்பது நாள் ஆச்சுன்னு நான் சொல்லிடறேன். பழி என் கடைமேல போகட்டும்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யோவ், உன் பொய் எனக்கு வேண்டாம். என் காது நல்லாத்தான் இருக்கு. முதல் நாளே கண்டுபிடிச்சேன். மகளைப் போகவிடாம இருக்க அவகிட்ட பொய் சொன்னேன். அதனாலதான் போயிட்டா. கேக்கறவங்ககிட்ட இதையே சொல்லு."