உடல் இல்லாத அடக்கம்

வெள்ளம் வடிந்துவிட்டது. வேலிகளில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளும் சாறன்களும் வெயிலில் காயத் தொடங்கின. அந்த நாட்களில் எங்கள் சபையில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. உழவு மெசினோடு போன மனிதர் உயிரோடு இருக்கிறாரா?

அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். நிந்தவூரில் ஒரு ஹாஜியாரின் வயலுக்கு மெசின் ஓட்டினார். மழை விடாமல் அடித்த ஒரு காலையில், வயல்வாடியில் இருந்த பசளை மூட்டைகளை ஏற்றிவர அவரும் ஹாஜியாரின் இளைய மகனும் போனார்கள். வயலுக்கு நடுவே உள்ள தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தின் மேலால் அப்போதே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது கடந்துவிட்டார்கள். திரும்பும்போது தண்ணீர் விடவில்லை. மெசின் பின்னர் வாய்க்கால் சேற்றில் சரிந்து கிடந்தது. ஆட்கள் இருவரும் கிடைக்கவில்லை. என் அப்பாவும் மற்ற மீன்பிடிகாரரும் தோணி எடுத்து முகத்துவாரம்வரை தேடினார்கள். ஒரு செருப்பைக்கூடக் காணவில்லை.

நான் அந்தச் சபையின் உபதேசியார். போதகருக்குப் பல சபைகள் இருந்ததால் எங்களிடம் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் ஆராதனை நடத்துவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். மருந்துப் பெட்டியில் இருப்பதானாலும் வேதத்தில் இருப்பதானாலும், நான் வாசித்துச் சொன்னால் அம்மாவுக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. சபையும் கொஞ்சம் அப்படித்தான் என்னைப் பார்த்தது. கிழவிமார் என்னைக் 'குட்டிப் போதகர்' என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் நான் வாயைத் திறந்தால் கேட்பார்கள். அதுதான் எனக்குப் பயம்.

வெள்ளத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு நற்செய்தி ஊழியர் வான் நிறைய அரிசியும் மாவும் பாய்களும் கொண்டுவந்தார். நல்ல மனிதர். மூட்டைகளைத் தானே தோளில் சுமந்தார். பொதிகள் கொடுத்து முடிந்ததும், காணாமற்போனவரின் மனைவியை முன்னால் அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஜெபத்தின் நடுவே ஊழியரின் குரல் மாறியது.

"உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார் மகளே. விசுவாசத்தோடு காத்திருங்கள்."

எல்லோரும் ஆமென் என்றோம். அக்காவின் பக்கத்தில் நின்ற அவருடைய மகள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். அவள் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அழ முடியவில்லை. அழுதால் அவிசுவாசம். அக்கா கணவருடைய போன் இலக்கம் வெட்டுப்பட்டுவிடக் கூடாதென்று அதற்கு ரீலோட் போட்டுக்கொண்டிருந்தார். அழைத்தால் மூன்று மொழியிலும் ஒரு பெண் தொடர்புகொள்ள முடியாது என்பாள். தமிழில் சொல்லி முடியும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருப்பார்.

பொத்துவில் பஸ் நிலையத்தில் நினைவு தப்பிய ஒருவர் இருக்கிறார் என்றார்கள். ஓடினோம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லத் தெரியாத ஒருவர் இருக்கிறார் என்றார்கள். நானும் கூடப் போனேன். போர்வைக்குள் கிடந்தவரின் முதுகும் கழுத்தும் அப்படியே அவருடையவை. தாதி தொட்டதும் திரும்பினார். பல்லில்லாத ஒரு கிழவர், சிங்களத்தில் தண்ணீர் கேட்டார். அக்காதான் எடுத்துக் கொடுத்தார்.

இதற்கிடையில் ஹாஜியார் தன் மகனுக்குப் பள்ளிவாசலில், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். நிந்தவூருக்குக் கூட்டிப்போகச் சொன்னார் அக்கா. ஓட்டோவில் போனோம்.

ஹாஜியார் வாசலுக்கே வந்தார். "வாங்க மகள், இரிங்க. தம்பி, நீங்களும் இரிங்க." அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கதிரையை இழுத்துப் போட்டார்.

"உடம்பு கிடைக்காம எப்பிடி ஹாஜியார் தொழுத நீங்க?" அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"காயிப் ஜனாஸா எண்டு ஒண்டு இரிக்கி மகள். மையித்து முன்னால இல்லாட்டியும் தொழலாம். ஜும்ஆ முடிஞ்சி ஊரே நிண்டு தொழுதிச்சி."

"அவர் உசிரோட இருந்தா?"

ஹாஜியார் உள்பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார். "இவன்ட உம்மா இன்னும் வாசல் லைட்ட அணைக்க விடுறாவில்ல. கரண்ட் பில் ஆரு கட்டுற எண்டு ஏசுறன். நானும் அணைக்கிறல்ல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "உசிரோட வந்தா ரெண்டு அடி போட்டுத்தான் உள்ளுக்கு எடுப்பன். அது வேற. மௌத்தாகி எங்கயும் சேத்துக்குள்ள கிடந்தானெண்டா? அவனுக்காக நிக்க ஒரு ஆளும் இல்லாமப் பெய்த்திருமே. அதுக்குத்தான் தொழுத." பிறகு, "ஒங்கட புருஷனும் என்ட வேலைக்குத்தானே போன," என்றார்.

திரும்பும்போது ஓட்டோ சத்தத்துக்குள் அக்கா கேட்டார். "எங்களுக்கு அப்பிடி ஒண்டு இல்லையா தம்பி?"

"பாத்துச் சொல்றன் அக்கா."

போதகருக்கு அழைத்தேன். "அடக்க ஆராதனைக்கு உடம்பு வேணும் தம்பி. ஆனா செய்யக்கூடாதெண்டும் எங்கயும் இல்ல. சபை என்ன சொல்லுமோ தெரியா. அங்க இருக்கிறது நீ. பாத்துச் செய்."

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அக்கா எழுந்தார். எங்கள் சபையில் அந்த நேரத்தில் எழுகிறவர்கள், ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைத்தான் சொல்வார்கள். வெள்ளத்துக்குப் பிறகு தப்பிய ஒவ்வொருவரும் எழுந்து, தன்னைக் கர்த்தர் காத்த விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அத்தனையையும் உட்கார்ந்து கேட்டவர்.

"எனக்குச் சாட்சி ஒண்டுமில்ல," என்றார். "அவர் செத்துப்போனார். அவருக்கு அடக்க ஆராதனை வேணும்."

சபை மூப்பர் மெதுவாகச் சொன்னார். "மகள், வந்த வார்த்தைய நாமளே தள்ளுறதாப் போயிருமே."

"அது எனக்கு வரல்ல மாமா. வான்ல வந்தவருக்குத்தான் வந்த."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒண்டும் காட்டப்படல்ல," என்றேன். "அவர் இருக்கிறாரெண்டும் இல்ல, இல்லையெண்டும் இல்ல. ஆனா அக்கா கேக்கிறது நியாயம்." மூப்பர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். வெளியே போகவில்லை.

பின்னேரம் சப்பாத்துப் பாலத்துக்குப் போனோம். அக்கரையில் ஹாஜியார் நாலைந்து பேரோடு தொப்பியுடன் நின்றார். யாரும் அவரை அழைக்கவில்லை. நான் அடக்க ஆராதனை முறையை வாசித்தேன். குழிக்குள் மண் போடும் இடம் வந்தது. எங்கள் வழக்கத்தில் ஆளுக்கு மூன்று பிடி. அங்கே குழி எங்கே?

"எங்க போடுற தம்பி?" மூப்பர் என் காதுக்குள் கேட்டார்.

அக்கா வரம்பிலிருந்து மண் அள்ளி ஓடும் தண்ணீரில் போட்டார். மண் அடியில் தங்கவில்லை. கலங்கி, நீண்டு, கிழக்கே போனது. பிறகு எல்லோரும் போட்டார்கள். மூப்பரும் போட்டார். மகள் போடவில்லை. கலையும்போது என்னிடம் வந்தாள்.

"அப்பா வந்தா நீங்கதான் அவருக்குச் சொல்லணும், நாங்க இண்டைக்கு என்ன செய்தமெண்டு."

"ஓம்," என்றேன்.

அக்கா இப்போது மருதமுனையில் ஒரு நெசவுக் கூடத்துக்குப் போகிறார். அழுகிறார், சாப்பிடுகிறார், சில நாள் ஆட்களோடு சண்டையும் பிடிக்கிறார். மகள் சபைக்கு வருகிறாள். என்னோடு கதைப்பதில்லை.

போன மாதம் நிந்தவூர்ச் சந்தைக்குக் கிட்ட, பிரதான வீதியோரமாக ஒருவர் நடந்து போனார். மடித்துக்கட்டிய சாறன், காணாமற்போனவருடையதைப் போலவே இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த நடை. தேடித் திரிந்த நாட்களென்றால் மோட்டார் சைக்கிளை முறுக்கி முன்னால் போய் மறித்திருப்பேன். அன்று என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அவர் பின்னாலேயே ஊர்ந்தேன். வாய் ஜெபித்துக்கொண்டிருந்தது. கடைசியில் பக்கத்தால் போய்த் திரும்பிப் பார்த்தேன். நரைத்த தாடிவைத்த வேறொரு மனிதர்.

"என்ன தம்பி, ஆரத் தேடுற?"

"ஒருத்தருமில்ல காக்கா."

ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே போனேன். எதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன் என்பது கொஞ்சத் தூரம் போன பிறகுதான் விளங்கியது. அது அவரில்லை என்பதற்காக. வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த மனிதர் என்னைக் கடந்து நடந்து போனார். நான் மறுபடியும் அவர் முதுகைப் பார்த்தேன்.