சரிங்க என்றால் சம்மதமா?

மனம் என்றால் என்ன, அது கொம்பியூட்டருக்கும் வாய்க்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் எங்கள் மெய்யியல் பேராசிரியை. அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரிக்குள்ளும் கொண்டுபோனார். புலிகளோடு சமாதானப் பேச்சு நடந்த வருடம், லேப்டொப்போடு மலைநாட்டில் இரத்தோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்குச் சிங்களம்தான் வரும். தமிழில் கேட்டுச் சொல்ல ஆள் தேவை என்றதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். படிப்பு முடிந்து வீட்டில் இருப்புக்கொள்ளாத நேரம்.

நோயாளியின் பதில்களை வைத்து, சிகிச்சைக்கு அவர் சம்மதிக்கிறாரா என்று சொல்லும் ஒரு புரோகிராமை அவர் எழுதியிருந்தார். சம்மதமென்றால் திரை பச்சையாகும். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

அன்று கட்டிலில் இருந்தவர் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர். ஒரே பெண் குழந்தை. இனிக் குழந்தை பிறக்காதபடி மறுநாள் ஒப்பரேசன். கேட்டதற்கெல்லாம் "சரிங்க" என்றார். நான் சொல்லச் சொல்லப் பேராசிரியை தட்டினார். திரை பச்சையானது.

"முழுச் சம்மதம்!" என்றார் பேராசிரியை, பூரித்துப்போய்.

எனக்கு உறுத்தியது. நானும் தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவள்தானே. தோட்டத்தை நடத்தும் தொரை எது சொன்னாலும் எங்கள் ஆட்கள் "சரிங்க" என்பார்கள். காதில் விழுந்தது என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

"அக்கா, அப்ப ஒப்பரேசன் வேணாம்னு போட்டுரவா?"

"சரிங்க."

அதற்கும் பச்சை. பேராசிரியை சிரித்துவிட்டார். நான் விளக்கியதும் சிரிப்பு நின்றது. லேப்டொப்பை மூடினார். கட்டிலருகே நின்ற நர்ஸை வெளியே போகச் சொல்லிவிட்டு, "அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேள்" என்றார்.

கேட்டேன்.

"நானா? நான் நெனைக்கிறதையா கேக்குறீங்க?" அக்கா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு புள்ள வேணும் தங்கச்சி. வரச் சொன்னாங்க, வந்தேன்."

ஒப்பரேசன் செய்யவிருந்த டொக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் கெட்டவரல்ல, அவசரக்காரர். "அவங்களே ஒத்துக்கிட்டாங்களே?" என்று எரிந்து விழுந்தார்.

"ஒத்துக்கல டொக்டர், காதுல வாங்கிக்கிட்டாங்க. அவ்வளவுதான்" என்றார் பேராசிரியை. " என் மெஷினும் உங்களை மாதிரியே ஏமாந்துச்சு."

நெடுநேரம் வாக்குவாதம். கடைசியில் டொக்டர் ஒப்பரேசனை நிறுத்தினார்.

"வீட்டுக்குப் போகலாம்க்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மாற்றுச் சேலையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு மத்தியானந்தான் வரும்" என்றேன்.

"பரவால்ல தங்கச்சி, ரோட்டுல நின்னுக்கிறேன். டொக்டரய்யா மனசு மாறுறதுக்குள்ள போயிரணும்."